கிறுகுற கதிரை

அட்டைப்பெட்டிக்குள் ஐந்து கால்களாய் வந்து இறங்கியது.
கூடவே ஒரு தாள். எழுத்தில்லை, படம் மட்டும்.
முகமில்லாத ஒருவன் அதில் இருக்கிறான்:
முழங்கை செங்கோணம், முழங்கால் செங்கோணம்,
பாதம் இரண்டும் நிலத்தில்.
எங்கோ ஆயிரம் பேரை அளந்து
கூட்டிப் பிரித்துச் செய்த ஆள்.
வாழைச்சேனைக்கு அவன் ஒருநாளும் வந்ததில்லை.

நான் நாலடி பத்தங்குலம்.
காணிப் பகுதி, இரண்டாம் மேசை.

வரைந்தவர் மூளைசாலி, அதை ஒப்புக்கொள்ளவேண்டும்.
நாலு காலென்றால் எட்டிச் சாயும்போது கவிழும்;
ஆகவே ஐந்து.
நாரி உள்வாங்கும் இடத்தில் ஒரு மேடு,
யாரோ உள்ளங்கை வைத்துத் தாங்கினாற்போல.
இருக்கையின் முன்விளிம்பு கீழ்நோக்கி வளைகிறது
தொடைக்கடியில் இரத்தம் தேங்காதிருக்க.
முதுகுக்கு வலை. சித்திரை வெக்கையில்
அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் மேசையை வரைந்தது வேறு யாரோ.
மேசைக்கு எட்ட உயர்த்தினால் கால் தொங்குகிறது,
காலுக்கு இறக்கினால் மேசை நெஞ்சுக்கு வருகிறது.
ஒரு கட்டு ஏ-ஃபோர் தாளை நிலத்தில் வைத்து
மிதித்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் குழாயில் காற்றுப் போனது.
எட்டரைக்கு உத்தியோகத்தர்.
பத்து மணிக்கு நாடி மேசைக்குக் கிட்ட.
தேத்தண்ணி வரும்போது
பிளாஸ்டிக் கதிரையில் இருப்பவர்கள் எல்லாரும்
என்னைவிட உயரம்.
நெம்பை இழுப்பேன், எழும்புவேன், மறுகா தாழ்வேன்.

வே. நேசமலர், பேத்தாழை, கச்சான் தோட்டம்.
அனுமதிப்பத்திரத்தில் வடக்கெல்லை ஓடை என்றிருக்கிறது.
அங்கே இருப்பது ஒழுங்கை.
ஒரு சொல் மாறவேண்டும்.
அதற்கு ஏழு முறை வந்தா.
ஏழு முறையும் நான் எழும்பவில்லை;
பாதி வட்டம் கிறுகி அலுமாரியைப் பார்த்தேன்,
மீதி வட்டம் கிறுகி
"மட்டக்களப்புக்குப் போயிருக்கு" என்றேன்.
முதுகு காட்டுவது
இவ்வளவு சுகமாய் இருக்குமென்று
அந்தத் தாளில் படம் இல்லை.

எட்டாம் முறை கையில் பத்திரம் இல்லை,
ஷொப்பிங் பை.
"பிள்ள, உங்கட கதிர தாழுது.
நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கன்.
எழும்புங்க."
பைக்குள் ஒரு துண்டு பிவிசி பைப்,
தோட்டத்துத் தண்ணிக்குப் போட்டதில் மிச்சம்,
நீளவாக்கில் கீறியிருந்தது.
இருக்கையை உயர்த்தி, நடுத்தண்டில் அதைக் கவ்வவிட்டு
உள்ளங்கையால் ஒரு அடி.
"இனி இறங்காது."

நாப்பது ரூபாய்ப் பைப்
இலஞ்சச் சட்டத்துக்குள் வருமா என்று
யோசித்தபடியே இருந்தேன்.
முழங்கை மேசையில்.
பாதம் தாள்கட்டில், முழுசாக.
தாள்கட்டையும் சேர்த்து அளந்திருக்கிறா.
அளவுநாடா இல்லை. ஏழு நாள்
எதிரே காத்திருந்து
கண்ணால் எடுத்த அளவு.

கதிரை இப்போது ஏறாது, இறங்காது.
கிறுகும், அது மட்டும் பழையபடி.
பழக்கத்தில் பாதி வட்டம் போனேன்.
இரண்டாம் தட்டு, பச்சைக் கோப்பு.
அது எங்கேயும் போகவில்லை.
அந்த முதுகோடு எவ்வளவு நேரம் இருந்தேன், தெரியாது.
மின்விசிறி மூன்று தாளைப் புரட்டியது.

"இஞ்சதான் இருந்திருக்கு" என்றேன் திரும்பி.
"தெரியும்" என்றா.
கையொப்பமிடும் ஐயா லீவு, வியாழன்தான் வருவார்.
அது உண்மை.
அதைச் சொல்லத்தான் அதிகம் வெட்கமாய் இருந்தது.

மார்கழியில் பொருட்கணக்கு எடுக்க வந்தவர்
குனிந்து, பேனாவால் தட்டிப் பார்த்தார்.
"இந்த வெள்ளை என்ன?"
"கீழெல்லை" என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.
பாவிக்கக்கூடியது என்று எழுதிவிட்டு
அடுத்த மேசைக்குப் போனார்.